ஆறு ஒலிவாங்கிகளும் இருபது சதமும்: ஜெனரல் மக்நோட்டனிடம் நான் படித்தவை

1986, 87இல் யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஷெல் சத்தம் இரண்டு தடவை கேட்கும். முதலில் தூரத்தில் 'டும்' என்று குத்துகிற சத்தம், பிறகு ஒரு இடைவெளி, அதற்குப் பிறகு விழுந்து வெடிக்கிற சத்தம். அந்த இடைவெளிக்குள் பங்கருக்குள் இறங்கிவிட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லா முடிவும் அப்பாவுடையது, அவர் படித்தவர், உத்தியோகத்தில் இருந்தவர். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அம்மம்மாதான். அவவுக்குக் காது அவ்வளவு கூர்மை. "இது அங்காலை போகும், பயப்படாதேங்கோ" என்று சொன்னால் நாங்கள் சாப்பாட்டுக் கோப்பையோடு அப்படியே இருப்போம். "இறங்குங்கோ" என்று சொன்னால் அப்பாவும் கேள்வி கேட்காமல் இறங்குவார்.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், கனடாவுக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு ஒட்டாவாவில் ஒரு அளவீட்டு ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, என்னைவிட மூத்த ஒருவர் மத்தியான இடைவேளையில் கனேடிய ஜெனரல் அன்ட்ரூ மக்நோட்டனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஜெனரல் என்றால் எனக்கு விருப்பமில்லை. எங்கள் ஊரில் வளர்ந்த எவருக்கும் ஏன் என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவரோ விடாமல், "இந்த ஆள் சத்தத்தை வைத்துப் பீரங்கியைக் கண்டுபிடித்தவர், நீ கேள்" என்றார். எனக்கு அம்மம்மாவின் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பிறகு எனக்கே ஆட்களை வழிநடத்துகிற பொறுப்பு வந்தபோது அந்த வாசிப்பு உதவியது. அவர் சரியாகச் செய்ததிலிருந்து படித்ததைவிட, தவறிய இடங்களிலிருந்து படித்தது கூட.

மக்நோட்டன் 1887இல், இன்று சஸ்காச்சுவன் மாகாணத்தில் இருக்கிற மூசோமின் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படித்து, 1912இல் முதுமாணிப் பட்டம் எடுத்து, அங்கேயே விரிவுரையும் செய்தார். பட்டாளம் அவருக்குப் பகுதிநேரம்தான், தொண்டர் படையின் ஆட்லறிப் பிரிவில் இருந்தார். 1914இல் முதலாம் உலகப் போர் வந்ததும் ஒரு பீரங்கி அணியோடு ஐரோப்பாவுக்குப் போனார், அடுத்த வருடமே ஈப்பர் போர்க்களத்தில் காயப்பட்டார். விரிவுரையாளராக இருந்த பழக்கத்தை அவர் அங்கே விட்டுவிடவில்லை. தெரியாததைத் தெரிந்தவனிடம் கேட்கிற பழக்கத்தைச் சொல்கிறேன்.

அந்தப் போரில் ஆட்களை அதிகம் கொன்றது ஆட்லறிதான். எதிரியின் பீரங்கி மலைக்குப் பின்னால், மரங்களுக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பிரிட்டிஷ் பட்டாளத்தில் இதற்கென்று ஒரு சிறிய கூட்டம் வேலை செய்துகொண்டிருந்தது. அதற்குப் பொறுப்பு லோரன்ஸ் பிராக், 25 வயதில் தகப்பனோடு சேர்ந்து பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். ஆறு ஒலிவாங்கிகளைக் கிலோமீற்றர் கணக்கில் இடைவெளி விட்டு வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சத்தம் வந்து சேருகிற நேரத்தை ஒரே பிலிமில் ஆறு கோடுகளாகப் பதிவது அவர்களுடைய முறை. எந்தக் கோடு முதலில் துள்ளியது, மற்றது எவ்வளவு பிந்தித் துள்ளியது என்று பார்த்தால் வரைபடத்தில் பீரங்கி இருக்கிற இடம் வந்துவிடும்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. குண்டு சத்தத்தைவிட வேகமாகப் பறக்கும்போது ஒரு கூர்மையான வெடிப்பு முதலில் வரும். பீரங்கி வாயிலிருந்து வருகிற கனமான தாழ்ந்த சத்தம் அதற்குப் பின்னால் வரும். அந்தக்கால ஒலிவாங்கிகள் முதல் சத்தத்துக்குத் துள்ளும், வேண்டிய இரண்டாவது சத்தத்தைப் பிடிக்காது. பிராக் தங்கியிருந்த வீட்டின் கழிவறையில் இருந்தபோது, பக்கத்துப் பீரங்கி வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் காற்றழுத்தம் தன்னை இருக்கையிலிருந்து மெல்லத் தூக்குவதைக் கவனித்தார். காதுக்குப் பெரிதாகக் கேட்காத அந்தச் சத்தத்துக்குள் அவ்வளவு பலம் இருந்தது. அவரிடம் வேலை செய்த டக்கர் என்பவர் லண்டனில் பௌதிகத் துறையில் இருந்தவர், ஆனால் பட்டாளத்தில் வெறும் கோப்ரல். அவர் படுத்திருந்த கொட்டிலின் சுவரில் இருந்த ஓட்டையால், பீரங்கி வெடிக்கும்போதெல்லாம் குளிர்காற்று வந்து முகத்தில் அடித்தது. அந்தக் காற்றைச் சூடான ஒரு மெல்லிய கம்பியில் படவிட்டால் கம்பி குளிரும், குளிர்ந்தால் அதன் மின்தடை மாறும், அதை அளக்கலாம் என்று அவர் யோசித்தார். 1916இல் அது வேலை செய்தது. கூர்மையான வெடிப்புக்குக் கம்பி அசையவில்லை, தாழ்ந்த சத்தத்துக்கு மட்டும் பதில் சொன்னது.

நான் இந்த இடத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். ஒரு கோப்ரல் சொன்னதை நோபல் பரிசு பெற்றவர் கேட்டார், நோபல் பரிசு பெற்றவர் சொன்னதை மக்நோட்டன் கேட்டார். 1917இன் தொடக்கத்தில் கனேடியப் படையில் எதிரிப் பீரங்கிகளைத் தேடி அழிக்கிற பொறுப்பு மக்நோட்டனிடம் வந்தபோது, அவர் நேரே இந்த விஞ்ஞானிகளிடம் போனார். ஒலிவாங்கிக்காரர், இரவில் சுடும்போது எழுகிற ஒளியைப் பார்த்துத் திசை குறிப்பவர், விமானத்திலிருந்து படம் எடுப்பவர், கைதிகளை விசாரிப்பவர் எல்லாரிடமிருந்தும் வருகிற தகவலை ஒரே அலுவலகத்தில், ஒரே வரைபடத்தில் சேர்த்தார். ஏப்ரல் 9ஆம் திகதி பிரான்சில் விமி மேட்டின் மீது தாக்குதல் தொடங்குவதற்கு முன்பே அங்கிருந்த ஜெர்மன் பீரங்கிகளில் 83 வீதத்தின் இருப்பிடம் தெரிந்திருந்தது என்று கனேடிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அப்படி இருந்தும் நான்கு நாளில் 3,598 கனேடியர் இறந்தார்கள். கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொரு பீரங்கிக்குப் பக்கத்திலும் ஆட்கள் நின்றார்கள் என்பதும் எனக்கு மறப்பதில்லை. ஷெல் விழுகிற பக்கத்தில் இருந்து வளர்ந்தவன் நான், இதை வெற்றிக் கதையாக என்னால் சொல்ல முடியாது. வேலை செய்த முறையைத்தான் சொல்கிறேன்.

சரி, என் அனுபவத்துக்கு வருகிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு வெப்பநிலைப் பெட்டி இருந்தது. வாடிக்கையாளர்களின் கருவிகளை அதற்குள் வைத்து கலிபரேஷன் செய்வோம், அதாவது அவை அளவைச் சரியாகக் காட்டுகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு காலகட்டத்தில் வந்த கருவிகள் தொடர்ந்து சோதனையில் தவறின. நாங்கள் நாலு பேர், எல்லாரும் பட்டம் பெற்றவர்கள், கூட்டம் வைத்து ஆராய்ந்து, கருவிகளைச் செய்தவர்களின் தரம் இறங்கிவிட்டது என்று முடிவெடுத்து அறிக்கை அனுப்பினோம். மூன்று மாதத்துக்குப் பிறகு, அந்தப் பெட்டியைத் தினமும் திறந்து மூடுகிற தொழில்நுட்ப உதவியாளர் வேறு ஏதோ கதைக்கும்போது, "அந்தக் கதவு ரப்பர் போன கோடையிலேயே பிய்ந்துவிட்டதே, உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்" என்றார். எங்களில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கூப்பிடாத கூட்டத்துக்கு வந்து சொல்லவில்லை, ஏன் சொல்ல வேண்டும்? மூன்று மாத அறிக்கைகளையும் திரும்ப எடுத்து, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடிதம் எழுதினோம்.

மக்நோட்டன் இந்தப் பாடத்தைப் பீரங்கியிலேயே செய்து காட்டியிருக்கிறார். பீரங்கியின் குழல் சுடச்சுடத் தேயும். தேய்ந்தால் குண்டு புறப்படும் வேகம் குறையும், அதே கோணத்தில் சுட்டாலும் குறுகி விழும், முன்னால் நடந்து போகிற சொந்த ஆட்கள் மீதே விழலாம். அதனால் ஒவ்வொரு பீரங்கியின் தேய்மானமும், அன்றைய காற்றும், வெப்பநிலையும் கணக்கில் எடுக்கப்பட வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். எதிரி எங்கே என்று தேடுவதற்கு முன்னால் உன் குழல் எப்படி இருக்கிறது என்று பார். அந்த ரப்பர் விஷயத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு கொப்பி வைத்தோம், பெட்டிக்குப் பக்கத்திலேயே, ஒரு நூலில் பேனையைக் கட்டி. பெட்டியைத் தொடுகிறவர் எவரும் கண்டதை அதில் எழுதலாம், கையெழுத்தும் தேவையில்லை. வெளியாளின் கருவி பிழை என்று எழுதுவதற்கு முன்னால் அந்தக் கொப்பியை வாசிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் வேலைத்தலத்தில் கணினியில் ஆயிரம் படிவம் இருந்தாலும் இப்படி ஒரு கொப்பியை வைத்துப் பாருங்கள். படிவத்தில் வராததெல்லாம் அதில் வரும்.

போர் முடிந்து மக்நோட்டன் பட்டாளத்திலேயே தங்கி, 1929இல் கனேடிய இராணுவத்தின் தலைமை அதிகாரியானார். இடையில் ஸ்டீல் என்ற இன்னொரு அதிகாரியோடு சேர்ந்து, வானொலி அலை வருகிற திசையைத் திரையில் காட்டும் ஒரு கருவியைக் கண்டுபிடித்து, அதன் உரிமையை அரசாங்கத்துக்கு ஒரு டொலருக்குக் கொடுத்தார்.

அப்புறம் வந்ததுதான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிற பகுதி. பெரும் பொருளாதார மந்தம். வேலையில்லாத தனி ஆண்கள் ஆயிரக்கணக்கில் சரக்கு ரயில்களில் ஏறி ஊர் ஊராக அலைந்தார்கள். 1932இல் மக்நோட்டன் இவர்களுக்காக முகாம்கள் அமைக்கும் திட்டத்தைப் பிரதமர் பெனட்டிடம் கொடுத்தார். சாப்பாடு, உடுப்பு, படுக்கை, வைத்தியம் எல்லாம் உண்டு. கிழமைக்கு 44 மணிநேர வேலை, நாளுக்கு 20 சதம். அவர்கள் வீதி போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள், நாட்டுக்குக் குறுக்கே விமானம் இறங்குகிற தளங்கள் அமைத்தார்கள். கடதாசியில் அது நல்ல திட்டம்தான். பட்டினியாக இருந்தவனுக்குச் சாப்பாடும், நாட்டுக்கு விமானத்தளமும் கிடைக்கின்றன. நாலு வருடத்தில் கிட்டத்தட்ட 1,70,000 பேர் அந்த முகாம்களுக்குள் வந்து போனார்கள்.

அந்த 20 சதம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. 'உன் ஒரு நாளின் விலை இதுதான்' என்று அது தினமும் சொன்னது. முகாம்களில் வாக்களிக்கும் உரிமை நடைமுறையில் கிடைக்கவில்லை, குழு அமைத்து முறைப்பாடு செய்யவும் விடவில்லை. 1935 வசந்தத்தில் பிரிட்டிஷ் கொலம்பிய முகாம்களிலிருந்து ஆட்கள் வெளியேறினார்கள், ரயில்களில் ஏறி ஒட்டாவா நோக்கி வந்தார்கள், ஜூலை 1ஆம் திகதி ரெஜைனாவில் கலவரமாகி உயிரும் போனது. போர்க்களத்தில் ஒரு கோப்ரலின் யோசனையைப் பெரிதாக எடுத்த அதே மனிதர், முகாமில் மண்வெட்டி பிடித்தவனிடம் 'இந்த ஏற்பாடு உனக்குச் சரியா?' என்று கேட்கவில்லை. அவருக்கு அது இன்னொரு தளவாட ஏற்பாடாகத் தெரிந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒரு வருடம் எங்களுக்குக் காசு வெட்டப்பட்டது. பகுதிநேரமாக ஆறு மாணவர்கள் வேலை செய்தார்கள். மூன்று பேரை நிறுத்த வேண்டும், அல்லது ஆறு பேருக்கும் மணித்தியாலத்தைப் பாதியாக்க வேண்டும். ஒருவரையும் நிறுத்தாமல் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, இரவிரவாக இருந்து அழகான ஒரு அட்டவணை செய்தேன், கணக்கு சதம் பிசகாமல் சரியாக வந்தது. காலையில் அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு மாதத்துக்குள் நாலு பேர் போய்விட்டார்கள். பாதி மணித்தியாலத்துக்காகத் தூர இடத்திலிருந்து பஸ் எடுத்து வருவது அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேர் தாங்களாகவே விலகத் தயாராக இருந்தார்கள், அவர்களுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்திருந்தது. அதைப் பிறகுதான் அறிந்தேன். இப்போது ஆட்களின் சம்பளத்தையோ நேரத்தையோ தொடுகிற எந்த அட்டவணையையும், முடிப்பதற்கு முன்னால், பாதி வெறுமையாக இருக்கும்போதே அவர்களிடம் காட்டிவிடுகிறேன். முடித்துவிட்டால் எனக்கே அதைக் குழப்ப மனம் வராது, அதுதான் காரணம்.

1935இல் மக்நோட்டனைப் பட்டாளத் தலைமையிலிருந்து எடுத்து தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராக்கினார்கள். முகாம்களால் அவருடைய பெயர் அரசாங்கத்துக்குப் பாரமாகிவிட்டது என்பது அதற்கு ஒரு காரணம். ஒட்டாவாவில் சசெக்ஸ் வீதியில், 1932இல் திறந்த அந்தப் பெரிய கற்கட்டடத்தில் அவருடைய அலுவலகம் இருந்தது. நாலு வருடத்துக்குள், பெரும்பாலும் சமாதானகால ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நிறுவனத்தைப் போர் வந்தால் உதவக்கூடிய பக்கம் திருப்பினார். 1939இல் போர் வந்ததும் முதலாவது கனேடிய டிவிஷனின் தளபதியாகி இங்கிலாந்துக்குப் போனார்.

போகும்போது அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த விஷயம். தன்னிடத்தில் சி. ஜே. மக்கன்சியை இருத்தினார். அவர் சஸ்காச்சுவன் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடாதிபதி. பெயரளவில் மக்நோட்டன் தொடர்ந்து தலைவர், மக்கன்சி பதில் தலைவர். பெயர் கையில் இருந்தால் கடலுக்கு அப்பால் இருந்துகொண்டே கட்டளை போடலாம், இல்லையா? ஆனால் இருவருக்கும் இடையில் போன கடிதங்கள் வேறு மாதிரி. களத்தில் என்ன குறை, என்ன தேவை என்பதை இவர் எழுதுவார், ஆய்வுகூடத்தில் என்ன நடக்கிறது என்று அவர் எழுதுவார், நடத்துவது மக்கன்சியின் வேலை. போருக்குள் அந்த நிறுவனம் பல மடங்கு வளர்ந்தது. ராடர் செய்தார்கள். 1945 செப்டெம்பர் 5இல் சோக் ரிவரில் ஸீப் என்ற சிறிய அணு உலை இயங்கியது, அமெரிக்காவுக்கு வெளியே அதுதான் முதலாவது.

நான் பதவி உயர்ந்தபோது என் மேசைக்கு வந்த பெண் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனாலும் நான் பின்னேரங்களில் போய் அவருடைய கணக்குத் தாள்களை எடுத்துச் சரிபார்ப்பேன், பென்சிலால் சிறிய குறிப்பு எழுதுவேன். உதவி என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் அவர் தாளையும் பேனையையும் என் முன்னால் வைத்து, "அப்படியானால் நீங்களே கையெழுத்து வையுங்கள்" என்றார். அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்தேன். முதல் மாதம் எனக்குத் தெரிந்ததெல்லாம் எழுதிக் கொடுப்பேன். அதற்குப் பிறகு அந்த மேசையின் எந்தத் தாளையும் தொடமாட்டேன். கிழமைக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கி இருப்பேன், அவர் கேட்டால் மட்டும் பதில். முதல் இரண்டு கிழமையும் அவர் ஒன்றும் கேட்கவில்லை, எனக்கு அது கஷ்டமாக இருந்தது. மூன்றாவது கிழமை கேட்டார்.

மக்நோட்டனின் இரண்டாவது போர் முதலாவதைப் போல இல்லை. 1942இல் முதலாவது கனேடிய இராணுவத்தின் தளபதியானார், ஆனால் அவருடைய ஆட்கள் இங்கிலாந்தில் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் பிரான்சின் டியெப் கரையில் இறங்கிய கிட்டத்தட்ட 5,000 கனேடியரில் 907 பேர் இறந்தார்கள். அவருடைய மகன் இயனும் அந்த வருடம் விமானப்படையில் உயிரிழந்தார். கருவிகளின் நுணுக்கத்துக்குள் மூழ்கிவிடுகிறார், பெரிய படையை நகர்த்தும் ஆள் இல்லை என்பது பிரிட்டிஷ் தலைமைத் தளபதி அலன் புரூக்கின் குறை. முந்தைய போரில் கனேடிய ஆட்லறியிலேயே இவரோடு வேலை செய்தவர் அவர். 1943 மார்ச்சில் நடந்த ஸ்பார்ட்டன் என்ற போர்ப் பயிற்சிக்குப் பிறகு அந்தக் குறை வலுத்தது, டிசம்பரில் மக்நோட்டன் விலகினார். புரூக் சொன்னதில் உண்மை இருந்தது என்றே நினைக்கிறேன். எனக்கும் கருவியைத் திறந்து பார்க்கிற சுகம் தெரியும், அது எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்பதும் தெரியும். பிறகு கொஞ்சக் காலம் பாதுகாப்பு அமைச்சராக இருந்து, 1945இல் இரண்டு தடவை தேர்தலில் தோற்றார். அணுசக்திக் கட்டுப்பாட்டுச் சபையின் முதல் தலைவராக இருந்தார். ஐ.நா. பாதுகாப்புச் சபையில் கனடாவின் சார்பில் இருந்தபோது, 1949 டிசம்பரில் காஷ்மீரிலிருந்து படைகளைக் குறைக்க ஒரு யோசனை வைத்தார், அது நிறைவேறவில்லை. 1966இல் இறக்கும்வரை அமெரிக்காவோடு செய்த கொலம்பியா நதி நீர் ஒப்பந்தத்தைக் கணக்கோடு எதிர்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது நான் கிழமையில் ஒரு மாலை கல்லூரி ஒன்றில் அளவியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு குளிர்காலமும் பிள்ளைகளை வாகனத் தரிப்பிடத்துக்குக் கூட்டிப் போய், ஆறு கைத்தொலைபேசிகளை ஒலிப்பதிவில் போட்டு இடம் இடமாக வைத்து, நடுவில் எங்கோ நின்று இரண்டு பலகைகளை அடிக்கச் சொல்வேன். ஒலிப்பதிவை மட்டும் பார்த்து அடித்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் தடவை ஒருவருக்கும் சரிவராது. ஆறு தொலைபேசிக்கும் ஆறு நேரம், ஒரு மில்லிசெக்கன் பிசகினாலே முப்பது சென்ரிமீற்றருக்கு மேல் விலகும். பிராக் ஏன் ஆறு கம்பிகளையும் ஒரே பிலிமுக்குக் கொண்டுவந்தார் என்று அப்போதுதான் விளங்கும். பிறகு தெரிந்த ஒரு இடத்தில் முதலில் ஒரு தடவை அடித்து, அதை வைத்து நேரங்களைப் பொருத்துவார்கள். அதற்குப் பிறகும் சில மீற்றர் விலகும், ஏனென்றால் புத்தகத்தில் இருக்கிற 340ஐப் போட்டிருப்பார்கள். வெளியே மைனஸ் 10 பாகை, சத்தம் செக்கனுக்கு 325 மீற்றர்தான் ஓடும்.

போன வருடம் ஒரு பிள்ளை கணக்கைச் சரியாக்கி முடித்துவிட்டு, "சேர், நீங்கள் இதை எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டாள். நான் மக்நோட்டனைச் சொல்லவில்லை. பலகை அடிக்கிற சத்தத்தில் எனக்கு வேறு ஒருவருடைய குரல் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஒரு அம்மம்மா இருந்தா என்று தொடங்கினேன்.